சாம்பல் கட்டம்

குளுகோர் மேட்டில், இரண்டாம் மாடியில்
சன்னல் இல்லாத அறை.
குளிர்சாதனம் பதினெட்டில் நின்றுவிட்டது,
ரிமோட் யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.
வருகிறவர்களுக்கு ஒரு போர்வை வைத்திருக்கிறேன்.

திரைக்குக் கீழே விரலகலக் கருப்புப் பட்டை.
அது கண்ணைப் பார்க்கும்.
கருவிழி எங்கே நின்றது, எத்தனை நேரம்,
எங்கிருந்து எங்கே தாவியது,
விநாடிக்கு நூற்றிருபது முறை
சளைக்காமல் எழுதிக்கொள்ளும்.

திரையில் நான் வரைந்த தீவு.
கடலேற்றமும் அடைமழையும் சேர்ந்துகொண்ட இரவுகளில்
எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் என்று
வெளிர்மஞ்சளில் தொடங்கி
அடர்சிவப்பில் முடியும் வரைபடம்.
மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில்
நான்கு மாதம் குடியிருந்தேன்.
நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியவேண்டும்,
மலிவுக் கைப்பேசியில், மொட்டை வெயிலில் தெரியவேண்டும்.
அந்த ஆரஞ்சில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பதினான்காம் பங்கேற்பாளர் சனிக்கிழமை வந்தார்.
பெயரை எழுதக்கூடாது, நெறிக்குழுவின் விதி.
இங்கே மட்டும் அமிர்தவல்லி என்று வைத்துக்கொள்கிறேன்;
அது அவர் பெயர் இல்லை.
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் முடித்து
நேராகப் பஸ் ஏறி வந்திருந்தார்.
இருபத்திரண்டு வருடமாக நுண்ணோக்கியில் குனிந்து
சில்லுகளில் குறை பார்க்கிற வேலை.
"ஊசிமுனை மாதிரி கால் இருக்கும், வரிசையா.
ஒண்ணு இல்லேன்னா சட்டுன்னு தெரிஞ்சிடும்.
இருக்கிறதை யாரு எண்ணுறது?"

எந்த இடத்தில் வெள்ளம் அதிகம், என்று கேட்டேன்.
இரண்டே விநாடியில் சரியாகச் சொன்னார்.
பிறகு கண் நகர்ந்தது.
சுங்கை பினாங்கு கடலைச் சேருமுன் ஒரு வளைவு,
அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்.
அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.
பதினொரு விநாடி.

ஆர்வப் பகுதிக்கு வெளியே, என்றது மென்பொருள்.
கவனச் சிதறல். நீக்கலாமா?
என் விரல் 'ஆம்' மேல் இருந்தது.

"சும்மா கேக்கிறேன்," என்றார்,
போர்வையை மடித்தபடி.
"இங்க கலரே இல்லையே.
தண்ணி வரலேன்னு அர்த்தமா,
யாரும் வந்து பாக்கலேன்னு அர்த்தமா?"

அந்த வளைவில் உணரி இல்லை.
பாலத்துக்கு ஒன்று, பேரங்காடிக்கு ஒன்று,
கோல்ஃப் திடலுக்கு இரண்டு.
எண் வராத இடமெல்லாம் சாம்பல் என்று
நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன்,
சுழியத்துக்கும் அதே சாம்பல்.
எழுதிய நாள்கூட நினைவில்லை.

"உங்க வீடு அங்கயா?"
"தங்கச்சி வீடு.
ஃபிரிட்ஜை மேசை மேல ஏத்தி வெச்சவ
மூணு வருஷமா இறக்கல."

முப்பது ரிங்கிட் பற்றுச்சீட்டில் கையெழுத்திட்டு
லிஃப்ட் வேண்டாமென்று படியில் இறங்கிப் போனார்.

இப்போது அந்தக் கட்டத்தில் சாய்கோடுகள்.
பக்கத்தில் ஒரு சொல்: தெரியவில்லை.
தேடப் போனால் தீவு முழுக்க
நாற்பத்தொரு இடம் கிளம்பியது, அம்மைத் தழும்பாக.
என் ஆரஞ்சின் அழகு போயிற்று.
கோடுகள் கண்ணை உறுத்துகின்றன, என்றார் மதிப்பாய்வாளர்.
உறுத்தட்டும் என்று எழுதி, அழித்து,
மரியாதையாக அரைப்பக்கம் அனுப்பினேன்.

கட்டுரையில் இல்லாத ஒன்று இருக்கிறது.
யாரும் வருமுன், கருவியைச் சரிபார்க்க
முதலில் நானேதான் உட்கார்ந்தேன்.
கோப்பை நேற்றிரவு திறந்தேன்.
ஆரஞ்சில் நாற்பது விநாடி.
சாம்பலில் சுழியம்.

பட்டை விழித்திருந்தது.
என் கண்ணும் திறந்தேதான் இருந்தது.
இதற்குச் சாய்கோடு போட முடியாது.
இது அளந்தெடுத்த சுழியம்.