டூ-அஷூ சுரங்கத்தில் மூக்கில்லாமல்

பெரிய புகைக்குழாய் வைத்துப் பற்றவைத்தபோது
ஆக்ஸிஜன் சென்சார் திருகும் துளையை
மறந்துவிட்டான் இஸ்ஹார்.
"துளை போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு
அவனே சொன்னான்: "எதற்கு? டர்போ போதும்."
ஒயரை மடித்து டேப் சுற்றினான்.
மஞ்சள் விளக்கு எரியுமே என்றேன்.
பல்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான்.
அரிசியளவு பல்பு.

தொண்ணூற்றிரண்டாம் வருடத்து செலிகா.
விளக்கைப் போட்டால் இமை திறந்து எழுந்து பார்க்கும்.
ஜப்பானிலிருந்து வந்ததால் வலப்பக்கம் ஸ்டீயரிங்;
பிஷ்கெக்கில் ஒரு லாரியை முந்தவும்
பக்கத்துச் சீட்டில் ஒருவர் எட்டிப்பார்த்து
"போ" என்று சொல்லவேண்டும்.
சொல்லிக்கொண்டிருந்தவன்
டிசம்பரில் கஸானுக்குப் போய்விட்டான்.

அதன்பிறகும் ஓட்டினேன்.
சென்சார் இல்லாத எஞ்சின் எப்படி என்றால்,
ருசி பார்க்காமல் உப்புப் போடுகிற கை.
குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும் என்ற பயத்தில்
கூடவே ஊற்றும்.
பிளக்கின் முனை பால்விட்ட காப்பி நிறத்தில் இருக்கவேண்டும்.
எனக்கு வந்தது கண்மை.
நூறு கிலோமீட்டருக்குப் பத்தொன்பது லிட்டர்,
தலையணை உறையெல்லாம் பெட்ரோல் வாடை.

ஜலாலாபாத்திலிருந்து ஷெர்மாமத் என்பவர்
போனில் விலை பேசினார்.
"வண்டி குடிக்குமா?"
"எப்போதாவது" என்றேன்.

ஜூலை. விடியுமுன் கிளம்பினேன்.
கொண்டை ஊசி வளைவுகளில் இருமல் தொடங்கியது.
மேலே போகப்போகக் காற்று மெலிகிறது;
அதை எஞ்சினுக்குச் சொல்ல ஆளில்லை.
அது பள்ளத்தாக்கின் கணக்கிலேயே
ஊற்றிக்கொண்டிருந்தது.
பின்கண்ணாடியில் மலை தெரியவில்லை.
என் புகைதான்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே சுரங்கம்.
உள்ளே நடுவழியில் ஏதோ லாரி நின்றுவிட்டது.
வரிசை நின்றது.
என் முன்னால் ஒரு மினிபஸ்,
ஜன்னலில் ஏழெட்டு வயதுப் பையன்.
என்னைப் பார்த்தான். எழுந்து நின்ற விளக்குகளைப் பார்த்தான்,
சிரித்தான்,
பிறகு சட்டைக் கையை மூக்கில் வைத்துக்கொண்டான்.
அவன் அம்மா ஜன்னலை ஏற்றினாள்.

அணைத்தேன்.

எஞ்சின் நின்றதும் இருட்டு வேறு மாதிரி இருந்தது.
யாரோ இருமினார்கள்.
கடைசியாக அது விட்ட மூச்சு
என் கதவருகே இன்னும் நின்றுகொண்டிருந்தது,
போக இடமில்லாமல்.
எனக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை பேர்,
எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

சூசாமிர் பக்கம் வெளியே வந்ததும் ஓரம் கட்டினேன்.
காற்றளக்கும் பெட்டியின் கறுப்பு மூடியைக்
கத்தியால் நெம்பினேன்.
உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம்.
பல் செய்வதுதான் என் வேலை,
மெழுகிலும் பீங்கானிலும், முகம் தெரியாதவர்களுக்கு.
பழைய இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து
மூன்று பல் தள்ளி இறுக்கினேன்.
கிளப்பினால்
இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சுத்தமான குரல்.
குமிஸ் விற்கிறவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் இது மலைக்கு மட்டும்.
அலா-பெல் தாண்டி, டோக்டோகுல் ஏரி தெரிந்ததும்
மூன்று பல்லையும் திருப்பி வைத்தேன்.
வைக்காவிட்டால் கீழ்க்காற்றில் பிஸ்டன் போய்விடும்.
நினைவு வைத்துக்கொள்ள
அந்த வண்டிக்கு நான்தான் இருந்தேன்.

ஷெர்மாமத் சுற்றிவந்து பார்த்தார்.
சாவியைத் திருப்பி டாஷ்போர்டைப் பார்த்தார்.
"எந்த விளக்கும் எரியவில்லையே, நல்ல வண்டி."
ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம்.
பர்ஸிலிருந்து பல்பை எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
பல்சக்கரத்தையும் சொன்னேன்.
இருபதாயிரம் சோம் குறைத்தார்.
அப்புறம் தேநீர் கொடுத்தார்.

திரும்பும்போது ஷேர் டாக்ஸியில் நடுச்சீட்டு.
அதே சுரங்கம்.
எல்லோரும் தூங்க,
கழுகுக்கு மூக்கில் வேர்த்தமாதிரி
நான் மட்டும்
முன்னே போகும் ஒவ்வொரு வண்டியையும்
முகர்ந்துகொண்டு.