எலி செத்த நாற்றம்

செம்மண்டலம் வீட்டின் வடபுறச் சந்தில்
வெயில் வருவது நாளுக்குப் பத்து நிமிஷம்.
மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டுப் பலாவின் நிழல்.
ரோஜா வைத்தேன், போனது.
செம்பருத்தி இலையோடு நின்றுகொண்டது.

நான்குவழிச் சாலைக்காகக் காட்டோரம் பிளந்த மண்ணில்
ஜேசிபியின் பல் பட்டுக் கிடந்தது கிழங்கு.
வெட்டுவாயில் சாம்பல் தடவிச்
சருகுக்கடியில் படுக்கவைத்தேன்.
முதல் வருஷம் ஒன்றுமில்லை.
மறு வருஷம் ஒரே இலை,
பாம்புத்தோல் தண்டின்மேல் கிழிந்த குடை.
மார்கழியில் அதுவும் சாய்ந்தது.

இந்த வைகாசி, மழை விட்ட இரண்டாம் நாள்,
மதில்மேல் ஹயருன்னிசாவின் முகம்:
“உங்க பக்கம் எலி ஏதும் செத்துக் கிடக்கா?”

டார்ச்சும் துடைப்பமுமாகத் தேடினோம்.
சருகை விலக்கினால்
கத்திரிக்காய் நிறத்தில், குழந்தைத் தலையளவு,
ஈ மொய்க்க உட்கார்ந்திருக்கிறது
காட்டுக்கருணைப் பூ.

முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு
“இதுக்கா மூணு வருஷமா தண்ணி ஊத்துனீங்க?”
பதில் சொல்ல
வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் நாற்றமில்லை, ஈயில்லை.
வீட்டில் எலி என்றே சொல்லிவைத்திருக்கிறாளாம்,
எடுத்துப் போட்டாச்சு என்று.
விளக்கு வைத்த பிறகு
ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கிறது
மதிலுக்கு அந்தப் பக்கம்.