பன்னிரண்டு வரி

லிபெலிச்செயில் மூன்று மாதமாக
எங்களுக்கு ஒரு நாக்கு தேவைப்பட்டது.
இருநூறு பெட்டி பேரிக்காய் மோஷ்ட்
கிராட்ஸ் கடைகளுக்குப் போகவேண்டும்.
லேபிளில் பன்னிரண்டே வரி, ஸ்லோவேனியத்தில்,
எழுதியது நான்.

"இதற்கெல்லாம் ஆள் தேடுவார்களா?
என் மச்சான் வியன்னாவுக்கு லாரி ஓட்டியவன்"
என்றான் ஒஷ்போல்ட்.
மச்சான் எழுதிய ஜெர்மனில்
எங்கள் மோஷ்ட்
எஞ்சினில் ஊற்றுவதுபோல் இருந்தது.

அடுத்து ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர்,
விலைப்பட்டியலோடு.
இலக்கணத்தில் ஈ உட்கார இடமில்லை.
ஆனால் 'தெர்ப்கோ' என்று நான் எழுதிய இடத்தில்
கசப்பு என்று போட்டிருந்தார்.
கசப்பா?
துவர்ப்பு ஐயா அது.
நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்திழுத்து
இன்னொரு வாய் கேட்கும்.
கசப்பு எதையும் கேட்காது.

மோஷ்ட்டைப் பழச்சாறு ஆக்கி
கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்:
குழந்தைகளும் பருகலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்,
ஊர்ப்பலகையில் இரண்டு பெயர் எழுதிய பிலிபெர்க்கில்
தில்கா ஸ்மொலே என்றொருத்தி.
பகலில் பல் மருத்துவரிடம் சீட்டுப் போட்டுக் கொடுப்பவள்.
மொழிபெயர்ப்பு அனுப்பவில்லை,
கேள்விகள் அனுப்பினாள்.

எத்தனை சதவீதம்?
பேரிக்காய் மட்டுமா, ஆப்பிளும் கலந்ததா?
விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது,
ஒரு மாடி இறங்கும் நேரமா, இரண்டா?

அலுவலகத்தில் நான்கு பேர்
ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு
படிக்கட்டில் இறங்கினோம்.
ஒன்றரை மாடி என்று எழுதினேன்.
கணக்குப் பார்க்கும் ஸ்லாவ்கா மட்டும்
இரண்டு என்றாள்,
மறுபடி ஏறிப்போய்ச் சோதித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது பதில்.
துவர்ப்புக்கு 'ஹெர்ப்'.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்,
உதடு தானாக ஒட்டிக்கொண்டது.

மோஷ்ட் மோஷ்ட்டாகவே இருந்தது.
"இங்கே எங்களுக்கும் அதே சொல்.
வடக்கே போகப் போக அது சாறாகிவிடும்,
ஆறு சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்."

பில்லில் பதினோரு வரிக்குத்தான் காசு.

பன்னிரண்டாவது,
'இயற்கையின் மடியிலிருந்து உங்கள் மேசைக்கு'.
நான் இரவு கண்விழித்து எழுதியது.
அதன்மேல் ஒரு கோடு,
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
இதை ஜெர்மனில் சொல்ல முடியும்.
சொல்லத்தான் வேண்டுமா?

ஒஷ்போல்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.
"காசு வாங்காமல் திட்டுகிற ஆள்,
விட்டுவிடாதே" என்றான்.

திங்கட்கிழமை
ஸ்லோவேனிய லேபிளிலும் அதை எடுத்துவிட்டேன்.
அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது.
பார்கோடைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.