நேர்ப்பொருள் தேவையில்லை

பதிவு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.
தலைத்தொடர், வகை, பொருள், தமிழில் ஓர் எடுத்துக்காட்டு.
எடுத்துக்காட்டு பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால்
மாசிலாமணி சார் சென்னையிலிருந்து சிவப்பில் சுழிப்பார்.

பந்தலூரில் ஆடி மழை.
கரண்ட் போய் இரண்டு நாள்.
ஹம்சா கடை ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய மடிக்கணினியை
ரெயின்கோட்டுக்குள் கைக்குழந்தை போல் அணைத்து
மேடேறி வருகிறேன்.

எலிஃபண்ட் இன் த ரூம்.
பெயர்ச்சொற்றொடர்.
‘எல்லோர் கண்ணிலும் பட்டும்
எவரும் வாய்விடாத சங்கடமான செய்தி.’
சரியாகத்தான் இருந்தது.
கைதான் சும்மா இருக்கவில்லை:
‘2. அறைக்குள் யானை.
எ-டு: வெள்ளிக்கிழமை புஷ்பராணியின் சமையலறையில் யானை இருந்தது.’

சிவப்பு வந்தது.
நேர்ப்பொருள் தேவையில்லை.
மரபுத்தொடரை அப்படி யாரும் ஆள்வதில்லை.

சார்,
ஆறாம் நம்பர் லைன், கடைசி வீடு.
இரவு ஒன்றேகால்.
நனைந்த ரஸ்க் மாதிரி சுவர் உள்ளே சரிந்தது.
ரேஷன் அரிசி இருபது கிலோ,
அரைப் பாக்கெட் உப்பு, புளிப்பானை.
துதிக்கை அலமாரியைத் தட்டுத்தட்டாய்த் துழாவியது,
நான் சொல் தேடுவது போலவே,
அவசரமில்லாமல்,
ஓரங்களை முகர்ந்து முகர்ந்து,
வேண்டாததைத் தள்ளிவைத்து.

கட்டிலுக்கு அடியில் புஷ்பராணியும் இரண்டு பெண்களும்.
சின்னவளின் வாயை ஒரு கை பொத்தியிருக்க
மறுகையில் போன்.
‘வந்திருக்கு’ என்றாள்.
அவ்வளவுதான். எழுவாய் இல்லை.

இருட்டிய பிறகு எங்கள் லைனில்
அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை.
பெருசு என்போம். ஆள் என்போம்.
ஹம்சா மூப்பர் என்பார்.
வனத்துறைக் குறுஞ்செய்தி ஒன்றுதான்
கூச்சமில்லாமல் பெயர் சொல்லும்:
யானை நடமாட்டம், எண்ணிக்கை மூன்று, வெளியே வராதீர்.

ஆக, சார்,
அறைக்குள் யானை இருந்தது.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
எவரும் வாய்விடவில்லை.
உங்கள் முதல் பொருளும் என் இரண்டாம் பொருளும்
பத்துக்கு எட்டுச் சமையலறையில்
ஒன்றையொன்று மிதிக்காமல் நின்றிருந்தன,
உப்புத் தீரும் வரை.

இதை நான் அனுப்பவில்லை.
பதினெட்டு ரூபாய்க்கு இவ்வளவு எழுத முடியாது.

சனிக்கிழமை ஜீப்பில் வந்தார்கள்.
டேப் பிடித்தார்கள். சுவர், பதினோரு அடி.
கால்தடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் எடுத்தார்கள்.
இழப்பீட்டுப் படிவம் மூன்று பக்கம்.
பெயர், தகப்பன் பெயர், சேதவிவரம் எல்லாம் ஓடியது.
நான்காம் கேள்வியில் நின்றது:
வீட்டின் உரிமையாளர்.

புஷ்பராணி என்னைப் பார்த்தாள்.
நான் ஹம்சாவைப் பார்த்தேன்.
டீ கொண்டுவந்திருந்த ஹம்சா
காலி கிளாஸ்களை எண்ணத் தொடங்கினார்.
அலுவலர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
அவள் பிறந்ததும் இந்த லைனில்,
பெற்றதும் இந்த லைனில்.
பெயர்ந்த மூலையில்
மழை நேராக உள்ளே பெய்துகொண்டிருந்தது.
‘அதை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றார் யாரோ,
ரொம்ப மரியாதையாக.

மாலையில் இரண்டாம் பொருளை அழித்தேன்.
எடுத்துக்காட்டையும் மாற்றினேன்:
‘நான்காம் கேள்வியை எல்லோரும் படித்தார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை.’
எட்டே சொல்.
சிவப்பு வரவில்லை.
‘எந்தக் கேள்வி என்று தெளிவில்லை, இருந்தாலும் நன்று’
என்று மட்டும் வந்தது.

அடுத்த பதிவு: இலெவன்த் ஹவர்.
மணி பத்தே முக்கால்.
‘கைமீறிப் போவதற்குச் சற்று முந்தைய’
என்று தட்டிக்கொண்டிருக்கிறேன்.
பின்பக்கம் மூங்கில் முறிகிறது,
ஒன்று,
இன்னொன்று, கொஞ்சம் அருகில்.

மெழுகுவர்த்தியை ஊதினேன்.