கிட்டி வைத்த பலகை

பொறையாறு பங்களாவை ஏலம் விட்டபோது
அலமாரி, நாற்காலியெல்லாம் கும்பகோணத்தார் அள்ளிப் போக
மூலையில் சாத்தியிருந்த இந்த இரண்டும்
இருநூறு ரூபாய்க்கு என் தலையில் விடிந்தது.

என்னைவிட ஒரு முழம் நெட்டை.
உள்ளங்கை அகலம்கூட இல்லை.
மூக்கு மட்டும் மேலே வளைந்து,
பிடிக்காத வாடை அடித்ததுபோல.
வெள்ளைச் சாயத்தில் 41.
அடியில் தலைமுதல் வால்வரை ஒரு வாய்க்கால்;
நகத்தால் சுரண்டினால் இன்னும் தார் மணக்கிறது.

பரம்புக்கு ஆகாது என்றார் சந்தியாகு ஆசாரி.
கட்டில் சட்டத்துக்கும் பத்தாது.

பனியில் பந்தயம் ஓடுகிற கட்டை என்று
செல்போனில் படம் காட்டினாள் மகள்.
பனி என்றால் நமக்கு
மார்கழியில் வரப்புப் புல்லை நனைப்பது.
அதில் எவன் ஓடுவான்?

வயலுக்கு எலிக்கிட்டி வைக்கும் மருதையன்தான்
நடுவிலிருந்த இரும்பை அழுத்திப் பார்த்தான்.
மூன்று முள், ஒரு வளையம்.
"இது கிட்டிண்ணே.
எலிக்குப் பதிலா ஆளு."

அந்தச் சீமையிலும் அதற்கு
எலிப்பொறி என்றுதான் பேராம்.
மகள் படித்துச் சொன்னபோது
மருதையன் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவன்.

நேற்று எனக்கு ராத்திரி ஷிப்டு.
மில்லுக்குப் பின்னால் உமிக்குவியல்
நிலாவில் வெளுத்துக் கிடந்தது.
செருப்போடு சேர்த்துச் சணலால் காலைக் கட்டி
உச்சியில் நின்றேன்.
பாய்லர் தனபால் கீழிருந்து
ஏதோ கத்தினான்.

நாலு கெஜம் போயிருப்பேன்.
அந்த நாலு கெஜமும்
காலுக்குக் கீழே சத்தமே இல்லை.

பிறகு இடுப்புவரை உமி.
துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்:
எனக்கு முன்னால் புறப்பட்ட
நாற்பது பேரையும் காணவில்லை.