கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது

சியோலிலிருந்து திரும்பிய நெலிதா
கைக்கடிகாரத்தைத் திருத்தவே இல்லை.
பன்னிரண்டு மணி நேரம், கச்சிதமாய்.
அங்கே பகல் மூன்று என்றால்
இங்கே மோந்தேவிதேயோவில் இரவு மூன்று.
முள்ளுக்கு வித்தியாசம் தெரியாது.
வயிற்றுக்குத் தெரிகிறது:
வேளை கெட்ட வேளையில் பசிக்கிறது.
மதியம், சூப்புக் கரண்டி பாதி வழியில் நிற்க
உட்கார்ந்தபடியே உறங்கிப்போகிறாள்.

கம்பளி விற்கப் போனவள்.
விற்ற எடையைக் கிலோ பிசகாமல் சொல்கிறாள்,
இன்று செவ்வாயா புதனா என்றால்
என் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் துறைமுகத்தில் இரவுக் காவல்.
பதினோரு வருடமாக, விடிந்தபின் வந்து
அவள் விட்டுப்போன சூட்டில் படுப்பவன்.
இந்த வாரம்
மூன்றேகாலுக்கு கேட்டில் வந்து நிற்கிறாள்,
நைட்டிக்கு மேல் என் கோட்டு,
கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்.
ஒரே குடுவை மாத்தே, ஒரே குழல்,
மாறி மாறி உறிஞ்சினோம்.
கிரேன்களை எண்ணி ஏழு என்றாள்.
எட்டு, என்றேன். ஒன்றில் விளக்கு போய்விட்டது.

மருந்துக்கடை ஒராசியோ சொன்னார்:
வெயிலில் நிற்கட்டும், பகலில் படுக்க வேண்டாம்,
நாளுக்கு ஒரு மணி நேரமாய்ச் சரியாகும்.

அப்படியே ஆனது.
நான்கரைக்கு வந்தாள்.
மறுநாள் ஐந்தேமுக்கால், கொட்டாவியோடு,
குடுவையை வாங்கிக்கொள்ளாமல்.
"தேறிட்டே" என்றேன்,
யாரும் சொல்வதைப் போல.

நேற்று இரவு முழுக்க
கேட்டின் சின்னக் கதவைப் பூட்டவில்லை.
சூப்பர்வைசர் பார்த்திருந்தால்
வேலை போயிருக்கும்.