அரை மாத்திரை

க்டினியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரே
கண்ணாடித் தரை வழியாகக்
குனிந்தே பார்த்திருக்கிறாள் பொஷேனா.
பதினோரு வருடம்.
அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உச்சந்தலைகள்.
ஆட்களை வழுக்கை வைத்து அடையாளம் சொல்வாள்.

இப்போது கழுத்து இடப்பக்கம் போவதில்லை.
கூப்பிட்டால்
உடம்போடு சேர்த்துத் திரும்புகிறாள்
கிரேன் மாதிரியே.

மாத்திரை நல்ல மாத்திரைதான்.
தசை இளகும்,
கூடவே கண்ணும் சொக்கும்.
பெட்டித் தாளில்
'வாகனம் ஓட்டாதீர்' என்றிருக்கிறது.
"நான் ஓட்டுவதில்லை, தொங்குகிறேன்"
என்று சிரித்தாள் மருந்துக் கடையில்.
சிரித்ததும் வலித்தது.
வேலை நாட்களில் தொடவே இல்லை.

சனி இரவு
ரொட்டிக் கத்தியால் பாதியாக வெட்டினாள்.
ஒரு பாதி நாக்கில்.
மற்றது தெறித்து அடுப்புக்கு அடியில்.

குனிய வேண்டாம் என்று
தரையோடு தரையாகப் படுத்துத் துழாவினாள்.
தூசி, ஒரு பட்டாணி, யாருடையதோ பொத்தான்.
பிறகு தேடாமல் மல்லாந்தாள்.
ஓடு சில்லென்றது.
தலையின் பாரத்தை
அது வாங்கிக்கொண்டது.

ஸெனான் பதறி ஓடிவந்து
விளக்கைப் போட்டான்.
"என்ன ஆச்சு?"

"ஒன்றுமில்லை, அங்கேயே நில்.
இங்கிருந்து உன் மூக்குத் துவாரம்தான் தெரிகிறது.
பரவாயில்லை.
கொஞ்ச நேரம் நில்."